ஸ்டேஷன் பதினான்கும் லெட்சுமி அக்காவின் முகமும்

போன மாதம் ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு கடையில் பழைய காம்பேக்ட் கேமராக்களைக் கூடையில் கொட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். காலேஜ் பிள்ளைகள் ரம்புத்தான் பொறுக்குவதுபோல் பொறுக்கினார்கள். விசாரித்தேன். கைப்பேசியில் எடுத்தால் படம் அளவுக்கு மீறித் தெளிவாக இருக்கிறதாம். கொஞ்சம் மங்கலாக, தப்புத் தவறோடு வந்தால்தான் அழகாம். படம் மங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இருபது வருஷத்துக்கு மேல் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். ஒரு கட்டு கங்கோங் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று மாலை எங்கள் பழைய கேமரா கம்பெனியில் தரம் பார்த்த க்யூ.சி. பெண்களின் வாட்ஸ்ஆப் குழுவில் இதைப் போட்டேன். குழுவில் ஒருத்தியின் மகள் கவிதா பினாங்கில் கைப்பேசி கேமரா செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். அவளிடமிருந்து கேள்வி வந்தது: “ஆன்ட்டி, உங்க காலத்துல முகம் டெஸ்ட் எப்படி லா செஞ்சீங்க? இங்க கம்ப்யூட்டர்லயே லட்சக்கணக்குல மூஞ்சி வச்சிருக்காங்க.”

எங்களிடம் ஒரே ஒரு முகம்தான் இருந்தது. அதுவும் பிளாஸ்டிக். குரல் செய்தியில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஈப்போவுக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் இருந்தது எங்கள் கம்பெனி. பெயர் வேண்டாம். அந்தக் கட்டடத்தில் இப்போது ஆன்லைனில் வாங்கும் சாமான்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தேன். முதலில் லென்ஸ் துடைத்தேன், பிறகு லைனில் ஸ்க்ரூ முடுக்கினேன், பிறகு நீலச் சட்டை கொடுத்து க்யூ.சி. ஆக்கினார்கள். நீலச் சட்டைக்கும் மற்றச் சட்டைக்கும் ஒரே வித்தியாசம்தான். மற்றவர்கள் தப்புச் செய்தால் திட்டு வாங்குவார்கள். நாங்கள் தப்பைக் கண்டுபிடித்தால் திட்டு வாங்குவோம்.

ஆட்டோஃபோக்கஸ் சோதனை லைனில் ஸ்டேஷன் பதின்மூன்று என்ற மேசையில் நடக்கும். கேமராவை இரும்புத் தாங்கியில் பொருத்த வேண்டும். ஒரு மீட்டர் தள்ளிக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட அட்டை. பட்டனைப் பாதி அழுத்தினால் லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து, ஓர் இடத்தில் நின்று, ‘பீப்’ என்று சொல்ல வேண்டும். திரையில் பச்சைக் கட்டம் வர வேண்டும். மூன்று முறைக்கு மூன்று முறையும் வந்தால் பாஸ். பிறகு விளக்கை மங்க வைத்து அதையே இன்னொரு முறை செய்ய வேண்டும். மங்கல் வெளிச்சத்தில்தான் கேமராவின் யோக்கியதை தெரியும். நல்லது ஒரு தடவை தேடிவிட்டு நிற்கும். கோளாறானது வீட்டுச் சாவியைத் தொலைத்தவர்போல் போய்ப் போய் வந்துகொண்டே இருக்கும்.

அந்த ஸ்டேஷனில் இருந்தவர்தான் லெட்சுமி அக்கா. நல்ல கறுப்பு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார். திரையைப் பார்க்காமலே, மோட்டார் சத்தத்தைக் கேட்டே எது தேறும், எது தேறாது என்று சொல்வார். “இது வேணாம் சாந்தி, இதுக்கு நெஞ்சு சளி” என்று என்னிடம் சொல்லி ஒன்றை ஒதுக்கி வைப்பார். மெஷினில் போட்டால் அதுவும் ஃபெயில் என்றே சொல்லும்.

முகம் கண்டுபிடிக்கும் வசதி வந்த பிறகு ஸ்டேஷன் பதினான்கு முளைத்தது. அதற்காகத் தலைமையகத்திலிருந்து விமானத்தில் ஒரு தலை வந்து இறங்கியது. கழுத்து வரைக்கும் உள்ள பொம்மைத் தலை. இளஞ்சிவப்பு நிறம், மொட்டை, கண்ணாடிக் கண், பல் தெரியாத புன்னகை. நாங்கள் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தோம். மாப்பிள்ளைக்குச் சொத்து எண் இருந்தது. தூசி படாமல் வெல்வெட் உறை இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அளவு சரிபார்க்கக் கூரியரில் வெளிநாடு போய் வந்தது. லைனில் வேலை பார்த்த எங்களில் ஒருவர்கூட அதுவரைக்கும் விமானம் ஏறியதில்லை.

மாப்பிள்ளையைத் தாங்கியில் வைத்து, இரண்டு பக்கமும் விளக்குப் போட்டு, கேமராவை நீட்டினால் முகத்தின்மேல் மஞ்சள் கட்டம் விழ வேண்டும். தலையைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலும் விழ வேண்டும். விழுந்தது. எல்லாக் கேமராவிலும் விழுந்தது. அந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த சியூ லிங் நகத்தைப் பார்த்துக்கொண்டே பாஸ் போட்டாள்.

எங்கள் மேலாளர் மிஸ்டர் சியூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சியூ லிங்குக்குச் சொந்தமில்லை, பெயர்தான் ஒன்று. அவர் யாரையும் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. நாம் எழுதிக்கொண்டு போகும் அறிக்கை அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பார். மூடியைக் கழற்றுவார். பேனாவை நம் பக்கம் திருப்பி, அறிக்கைக்குப் பக்கத்தில் நேராக வைப்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, “பிக்கிர் பாய்க்-பாய்க்” என்பார். மலாயில் நன்றாக யோசி என்று அர்த்தம். அவர் என்ன நினைக்கிறாரோ அதை நாம் யோசித்து முடிக்கிற வரைக்கும் காத்திருப்பார். மை காய்ந்துவிடுமே என்கிற பதற்றத்திலேயே பாதிப் பேர் திருத்தி எழுதிவிடுவார்கள்.

ஒருநாள் தரை துடைக்கும் வண்டி இடித்து மாப்பிள்ளை கீழே விழுந்து மூக்கு உடைந்தது. உடைந்த மூக்கோடும் கேமரா அதை முகம் என்றுதான் சொன்னது. ஆனால் அளவுச் சான்றிதழ் மூக்கோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. மூக்கு இல்லாவிட்டால் செல்லாது. புது மாப்பிள்ளை வருவதற்குச் சில வாரம் ஆகும் என்றார்கள். கப்பலில் ஏற்ற வேண்டிய சரக்கோ வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும்.

கம்பெனியின் தலைவரான எம்.டி. ஒரு தீர்வு சொன்னார். “கம்பெனியில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் தலை இருக்கிறது. ஒருவரை உட்கார வையுங்கள்.”

யாரை உட்கார வைப்பது? லெட்சுமி அக்காவுக்கு முழங்கால் வலி. உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் கடிதமே இருந்தது. சும்மா உட்காருவதைவிட உட்கார்ந்து செய்யும் வேலை வேறு என்ன இருக்கிறது? அவரைக் கூட்டிவந்து மாப்பிள்ளையின் இடத்தில் உட்கார வைத்தோம். சியூ லிங் கேமராவை நீட்டினாள்.

மஞ்சள் கட்டம் உடனே விழுந்தது. அக்காவின் மேல் இல்லை. அவருக்குப் பின்னால் சுவரில் ‘பாதுகாப்பே முதன்மை’ என்ற போஸ்டரில் தொப்பி போட்ட கார்ட்டூன் தொழிலாளி ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன்மேல் விழுந்தது.

“போஸ்டரைக் கழற்று” என்றார் மிஸ்டர் சியூ. கழற்றினோம். இப்போது கட்டமே வரவில்லை. வேறு கேமராவை எடுத்தோம். வரவில்லை. பத்து, பதினைந்து மாற்றினோம். ஒன்றிரண்டில் மட்டும் கட்டம் கண்ணைச் சிமிட்டுவதுபோல் வந்துவிட்டுப் போனது.

விளக்கைக் கூட்டச் சொன்னார் மிஸ்டர் சியூ. கூட்டினோம். அக்காவுக்கு வியர்த்தது. திருநீறுதான் குழப்புகிறதோ என்று அழிக்கச் சொன்னார். அழித்தார். பொட்டை எடுக்கச் சொன்னார். கொஞ்சம் தயங்கி எடுத்தார். மூக்குத்தி மினுக்குகிறது என்றார். அதற்கு அக்கா அசையவில்லை.

“சிரிக்கச் சொல்” என்றார் என்னிடம்.

“அக்கா, கொஞ்சம் சிரிக்கிறீங்களா?”

“எதுக்கு சிரிக்கணும்? என்ன நடந்துச்சுன்னு இப்ப நான் சிரிக்கிறது?”

கடைசியில் சியூ லிங்கை உட்கார வைத்துப் பார்த்தோம். முதல் அழுத்தலிலேயே மஞ்சள் கட்டம் விழுந்து ‘பீப்’ சத்தமும் வந்தது. அடுத்த கேமராவிலும் வந்தது. அதற்கடுத்ததிலும். அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்காதான் முதலில் பேசினார். “அப்ப நான் மூஞ்சி இல்ல போல லா. வேற என்னவாம்? பின்பக்கச் செவுரா?”

அன்று பிற்பகல் ‘தற்காலிக ஆதார முகம்’ என்ற தலைப்பில் ஒரு படிவம் தயாரானது. சியூ லிங்கின் முகத்துக்கு மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். புது மாப்பிள்ளை வரும்வரைக்கும் லீவு எடுக்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

குறைபாட்டு அறிக்கை எழுத வேண்டியது என் வேலை. ‘மூல காரணம்’ என்ற கட்டத்தில், ‘கேமராவால் மனித முகத்தைக் கண்டறிய முடியவில்லை’ என்று எழுதிக்கொண்டு போனேன். மிஸ்டர் சியூ படித்தார். பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். என் பக்கம் திருப்பி வைத்தார்.

“பிக்கிர் பாய்க்-பாய்க்.”

நான் யோசித்தேன். அந்த வாக்கியம் போனால் சரக்கு நிற்கும். சரக்கு நின்றால் தலைமையகம் கேட்கும். தலைமையகம் கேட்டால் எம்.டி. கேட்பார். எம்.டி. கேட்டால் என் நீலச் சட்டை போகும். அந்த வரியை அடித்துவிட்டு, ‘ஆபரேட்டர் இந்த ஸ்டேஷனுக்குப் பொருத்தமானவர் அல்ல’ என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். மிஸ்டர் சியூ பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டு, “தேங்க் யூ, சாந்தி” என்றார்.

அந்தத் தாள் ஒரு நகலெடுத்து அக்காவின் ஃபைலுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. இல்லை, தெரியும், போகாது என்று நம்ப விரும்பினேன். ‘பொருத்தமானவர் அல்ல’ என்று ஃபைலில் விழுந்ததும் பணியாளர் பிரிவு அவரைச் சோதனை வேலையிலிருந்தே தூக்கிப் பேக்கிங்கில் போட்டது. பேக்கிங்கில் நாள் முழுக்க நிற்க வேண்டும். டாக்டர் கடிதம் அதே ஃபைலில் அடுத்த பக்கத்தில்தான் இருந்தது. பக்கத்தைத் திருப்பும் அதிகாரம் யாருக்கு என்று விதிமுறையில் எழுதவில்லை போலும்.

கேன்டீனில் அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“என்னைய பத்தி என்ன எழுதுன?”

“மேல இருந்து வந்த முடிவு அக்கா.”

“நான் பேக்கிங்ல நிக்கிறேன். எனக்கு மேலன்னா நீதான் லா. அதுக்கும் மேல யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனது அவர் இல்லை, நான்.

புது மாப்பிள்ளை வந்தது. எல்லாக் கேமராவும் மறுபடி பாஸ் ஆனது. சில மாதம் கழித்து வெளிநாட்டுக் கடைகளிலிருந்து கேமராக்கள் திரும்பி வர ஆரம்பித்தன. வெயில் அதிகமுள்ள நாடுகள். எல்லாவற்றிலும் ஒரே புகார்: கல்யாணத்தில் எடுத்தால் கேமரா மணமக்களை விட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் விளம்பரப் பலகையைப் பிடிக்கிறது. கிடங்கில் மிச்சமிருந்த சரக்கை அப்படியே நிறுத்தி, சிவப்பு நாடா சுற்றி, ‘ஹோல்ட்’ ஸ்டிக்கர் ஒட்டினோம். ஹோல்ட் லாட் என்றால் அதிலிருந்து ஒரு பெட்டிகூடக் கம்பெனி வாசலைத் தாண்டக் கூடாது. தலைமையகத்திலிருந்து மோரி என்ற எஞ்சினியர் வந்தார்.

ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். காலை முழுக்கப் பழைய அறிக்கைகளைப் புரட்டினார். கடைசியில் என்னுடையதை மேசைமேல் வைத்து, அடித்திருந்த வரியில் விரலை வைத்தார்.

“இதில் முதலில் வேறு ஏதோ எழுதியிருக்கிறீர்களே?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிஸ்டர் சியூ பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் பக்கம் திருப்பி வைத்தார். பழக்க தோஷம். இந்தத் தடவை எழுதுவதற்கு அங்கே தாள்கூட இல்லை. நான் பேனாவை எடுத்தேன். மேசையில் கிடந்த மூடியை மாட்டி அவரிடமே கொடுத்தேன்.

“அந்த ஆபரேட்டர் மேல ஒரு குறையும் இல்ல, சார். கேமரா அவங்கள பாக்கல. நான்தான் மாத்தி எழுதிட்டேன்” என்றேன்.

மோரி, “அவர் இன்று வேலைக்கு வந்திருக்கிறாரா?” என்று மட்டும் கேட்டார்.

விரலில் ஒட்டுத் தாளோடு அக்கா வந்தார். மோரி எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். நாற்பது கேமராவை மோரி தன் கையாலேயே அக்காவின் முகத்தில் சோதித்தார். ஒன்றில்கூடக் கட்டம் நிலைக்கவில்லை. சோதித்துவிட்டுச் செயல்முறைப் புத்தகத்தைத் திறந்து நெடுநேரம் படித்தார். அதில், ‘பொம்மைத் தலையைக் கண்டறிய வேண்டும்’ என்றுதான் இருந்தது. மனிதரைக் கண்டறிய வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

“விதிப்படி கேமராக்கள் சரியாகத்தான் இருக்கின்றன” என்றார், சொல்வதற்கே வெட்கப்படுகிறவர்போல. “ஆகவே இதைக் குறை என்று எழுத முடியாது. மேம்பாட்டுக் கோரிக்கை என்று எழுதலாம்.”

அந்த மேம்பாட்டுக்கு அக்காவின் முகம் வேண்டும் என்றார். இரண்டு நாள், பல வெளிச்சத்தில், பல கோணத்தில் படமெடுத்துக்கொண்டு போய் கேமராவுக்குள் இருக்கும் புரோகிராமைத் திருத்துவார்களாம். ஆங்கிலத்தில் ஒரு சம்மதப் படிவத்தை நீட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். நான் படித்துச் சொன்னேன்.

“ஒங்க முகத்த கேமராவுக்குக் காட்டிக் கொடுத்து, இதுவும் முகந்தான்னு பழக்கப் போறாங்க அக்கா.”

“ஓ. இப்ப மட்டும் மூஞ்சியாயிருச்சா?” பேனாவை அவர் தொடவே இல்லை. “சரி, குடுக்கிறேன். மொதல்ல எம் ஃபைல்ல கெடக்கிற அந்தத் தாள எடுக்கச் சொல்லு. ஆள் பொருத்தமில்லன்னு ஒரு பக்கம் எழுதி வச்சுக்கிட்டு, இந்தப் பக்கம் மூஞ்சியக் குடுன்னா எப்படி? அப்புறம் ஒண்ணு. ரெண்டு நாளும் உக்காந்துதான் இருப்பேன். அது முடிஞ்சும் உக்காந்துதான் வேலை.”

நான் மோரிக்கு மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. அவர் மிஸ்டர் சியூவைப் பார்த்தார். மிஸ்டர் சியூ வாழ்க்கையில் முதல் தடவையாக வேகமாக யோசித்தார்.

அன்று மாலையே என் பழைய அறிக்கையை ரத்து செய்து புது அறிக்கை எழுதினேன். மூல காரணம்: கேமரா. தவறாக எழுதியவர்: நான். தாள் அக்காவின் ஃபைலிலிருந்து வெளியே வந்தது. அக்கா நாற்காலிக்குத் திரும்பினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பொய் எழுதியதற்காக இல்லை. எழுதியதைத் திருத்துவதற்கென்று தனிப் படிவம் இருக்கிறதாம். அதை நிரப்பாமல் திருத்தியதற்காக.

திருத்திய புரோகிராம் வந்தது. புதுக் கேமராக்களில் அக்கா உட்கார்ந்த உடனே கட்டம் விழுந்தது. மாப்பிள்ளையோடு ஓர் உயிருள்ள மனிதரையும் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று விதியும் மாறியது. சிவப்பு நாடா சுற்றிய பழைய சரக்கைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புது புரோகிராமை ஏற்ற வேண்டும். அது பெரிய வேலை என்பதால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. கிடங்கின் மூலையில் அது பாட்டுக்குக் கிடந்தது.

வருஷ முடிவில் ஹோட்டலில் ஆண்டு விருந்து. தலைமையகத்திலிருந்து இரண்டு விருந்தினர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். எம்.டி. மேடையேறி, தரமே நம் உயிர்மூச்சு என்று பேசினார். பிறகு, நம் கேமராவுக்குத் தன் முகத்தையே தந்த ஊழியர் என்று லெட்சுமி அக்காவை அழைத்தார். பச்சைப் பட்டுப் புடவையில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார் அக்கா. எம்.டி. ரிப்பன் கட்டிய ஒரு கேமராப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினோம்.

அக்கா நன்றி சொல்லவில்லை. பேக்கிங்கில் நின்ற பழக்கம், கையில் பெட்டி வந்தால் கவிழ்த்து அடியைப் பார்ப்பது. பார்த்தார். ரிப்பனைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பெட்டியை எம்.டி.யிடமே நீட்டினார். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“துவான், இனி லோட் ஹோல்ட். தா போலே கெலுவார்.”

ஐயா, இது ஹோல்ட் லாட், வெளியே போகக் கூடாது என்று அர்த்தம். எம்.டி. தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். அக்கா பெட்டியை நீட்டியபடியே நின்றார். விருந்தினர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எம்.டி. சிரிப்பை நிறுத்திவிட்டு, “க்யூ.சி. யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

எங்கள் மேசையில் ஆறு பேர் நீலச் சட்டைக்காரர்கள். எல்லாருக்கும் திடீரென்று கோழிக் கறியில் அக்கறை வந்துவிட்டது. நான் எழுந்தேன். மிஸ்டர் சியூ என் புடவை முந்தானையைப் பார்த்துப் பேசுவதுபோல் மெதுவாக, “பிக்கிர் பாய்க்-பாய்க், சாந்தி” என்றார்.

“யோசிச்சிட்டேன், சார்.”

மேடையேறி ஸ்டிக்கரைப் படித்தேன். நானே ஒட்டிய ஸ்டிக்கர். மேலே பளபளவென்று வேறொன்றை ஒட்டி மறைக்கப் பார்த்திருந்தார்கள். ஓரம் சரியாக ஒட்டவில்லை. “ஹோல்ட் லாட்தான், சார். இன்னும் ரிலீஸ் ஆகல” என்றேன். கேமராவை எம்.டி. திரும்ப வாங்கிக்கொண்டார். பதிலுக்கு, அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு வைத்திருந்த சோறு ஆக்கும் சட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். அக்கா அதையும் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

விருந்தினர்கள் மறுநாளே கிடங்கைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்தார்கள். அந்த வாரமே ஹோல்ட் லாட் முழுவதையும் பிரித்து, புரோகிராம் ஏற்றி, ஒவ்வொன்றையும் உயிருள்ள முகத்தில் சோதிக்க உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டாய ஓவர்டைம்.

சியூ லிங் புரோகிராம் ஏற்றினாள். நான் கேமராவைப் பிடித்தேன். ஸ்டேஷன் பதினான்கில், திருநீறும் பொட்டும் மூக்குத்தியுமாக லெட்சுமி அக்கா உட்கார்ந்திருந்தார்.

“என் வாய்க்கு நல்லா வேணும் லா” என்றார். “ஒழுங்கா பொட்டிய வாங்கிக்கிட்டு எறங்கியிருந்தா இந்நேரம் வீட்டுல படுத்திருப்பேன். ஒனக்கு மட்டும் என்ன, நீயும் வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கலாம்ல?”

“நீங்க ஏறி நிக்கும்போது நான் எப்படி அக்கா ஒக்காந்திருக்கிறது?”

“ம்” என்றார். அதற்குமேல் அவர் என்னை ஒன்றும் கேட்டதில்லை. அந்தத் தாளைப் பற்றியும்தான்.

கட்டம் விழுந்தது. அடுத்ததிலும் விழுந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கேமராவில் படம் எடுத்ததும் திரையில் எச்சரிக்கை வந்தது. யாரோ கண்ணை மூடியிருக்கிறார்கள் என்றது கேமரா. நிமிர்ந்து பார்த்தேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, அக்கா தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பவில்லை. மஞ்சள் கட்டம் அவர் முகத்தின்மேல் சரியாகத்தான் இருந்தது. பாஸ் போட்டுவிட்டு அடுத்த கேமராவை எடுத்தேன்.